வாரக் கூடையும் வாரப் பங்கும்

2019ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு சனிக்கிழமை, நங்கநல்லூரில், எங்கள் பண்ணையிலிருந்து வாரந்தோறும் காய்கறிக் கூடை பெறும் உறுப்பினர் ஒருவருடைய வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த மாதத்துடன் விலகிக்கொள்வதாக அவர் செய்தி அனுப்பியிருந்தார். காரணம் கேட்கத்தான் போனேன். அவர் பதில் சொல்லாமல் என்னைச் சமையலறைக்கு அழைத்துச் சென்று ஃபிரிட்ஜின் அடித்தட்டை இழுத்துக் காட்டினார். முந்தைய வாரம் நான் கொடுத்த அரைக்கீரைக் கட்டு கறுத்து நீர்விட்டுக் கிடந்தது. பாதி வெட்டிய சுரைக்காயின் வெட்டுமுகம் பழுப்பேறியிருந்தது. அதற்கும் அடியில், இலையோடு திணித்து வைத்த இரண்டு முள்ளங்கிகள் விரலால் வளைக்கும் அளவுக்கு வதங்கியிருந்தன. "பணத்துக்காகச் சொல்லலக்கா. உங்க அண்ணன் பாடுபட்டு விளைவிச்சதை வாராவாரம் குப்பையில போடறேன். மனசு கேக்க மாட்டேங்குது" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அந்த நாள்வரை, உறுப்பினர்கள் விலகுவதற்கு விலையே காரணம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அடுத்த இரண்டு வாரங்களில் விலகிய மற்றவர்களிடமும் பேசினேன். ஒருவர்கூட விலை அதிகம் என்று முதலில் சொல்லவில்லை. கூடையில் வந்ததைச் சமைத்து முடிக்க முடியவில்லை என்பதைத்தான் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். ஒரு சிறு பண்ணையின் பங்குத் திட்டத்தில் உறுப்பினர்கள் விரும்பிச் சேர்ந்து நிலைத்திருக்க வேண்டுமானால் வயலில் செய்யும் வேலையில் பாதியையாவது அவர்களுடைய அடுப்படியை மனத்தில் வைத்துச் செய்ய வேண்டும் என்பதை அந்த ஃபிரிட்ஜின் முன்னால் நின்றுதான் கற்றுக்கொண்டேன். அதன்பின் நாங்கள் என்னென்ன மாற்றினோம், எவை பலித்தன, எவை பலிக்கவில்லை என்பதையே இங்கே எழுதுகிறேன். இதே முயற்சியில் இருக்கும் வேறு சில குடும்பங்கள் கேட்டதால் எழுதுவது இது.

எங்களுடையது மதுராந்தகத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் மூன்றரை ஏக்கர் நிலம். இரண்டு ஏக்கரில் காய்கறியும் கீரையும், அரை ஏக்கரில் வாழையும், மீதியில் நெல்லும் இருக்கின்றன. பயிர் வைப்பது என் அண்ணன். அண்ணியும் ஊரிலிருந்து வரும் நான்கு பெண்களும் அவருடன் வேலை செய்கிறார்கள். கரூர் மாவட்டம் கடவூர் அருகே நம்மாழ்வார் ஐயா தொடங்கிய 'வானகம்' என்ற இயற்கை வேளாண் பண்ணையில் பயிற்சி பெற்று வந்த பிறகு, அண்ணன் உரமூட்டையையும் பூச்சிமருந்தையும் நிறுத்திவிட்டார். ஆனால் மண்டியில் இயற்கைக் கத்தரிக்காய்க்கென்று தனி விலை கிடையாது. அன்றைய வரத்து எவ்வளவோ அதைப் பொறுத்துத்தான் விலை. வரத்து மிகுந்த நாளில் பறிகூலிக்கும் வண்டிச் சத்தத்துக்கும் காணாது. நான் சென்னையில் குடியிருப்பதால், வீடுகளுக்கு நேரே கொடுக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். 2019 ஆடியில் 28 வீடுகளுடன் தொடங்கினோம். தை பிறந்தபோது ஒன்பது வீடுகள் எஞ்சியிருந்தன.

இந்த முறை எங்கள் கண்டுபிடிப்பு அன்று. பூச்சிமருந்துக்கு அஞ்சிய குடும்பங்களும் உழவர்களும் நேருக்கு நேர் உடன்படிக்கை செய்துகொள்ளும் 'தெய்கெய்' என்ற வழக்கம் ஜப்பானில் 1970களில் வளர்ந்தது. அமெரிக்காவில் 1986இல் இரண்டு பண்ணைகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் இதைத் தொடங்கின. தென் பிரான்சில் 2001இல் தொடங்கிய முயற்சி அந்நாடு முழுவதும் பரவியது. ஊருக்கு ஊர் பெயர் வேறாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்: உறுப்பினர் பருவத்தின் தொடக்கத்திலேயே பணம் கொடுத்துவிடுகிறார், விளைச்சலில் தன் பங்கை வாரந்தோறும் பெற்றுக்கொள்கிறார், மழையோ வெயிலோ கெடுத்தால் அந்த இழப்பிலும் பங்கேற்கிறார். நம் மொழியில் இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏழு நாளுக்கும் வாரம் என்கிறோம்; நிலத்தை வாரத்துக்கு விடுவது என்று சொல்லும்போது விளைச்சலின் பங்கையும் வாரம் என்றே குறிக்கிறோம். மேல்வாரம், குடிவாரம் என்ற பழைய சொற்களில் இருப்பதும் அதே வாரம்தான். பழைய வாரமுறையில் உழுதவனுக்குக் கிடைத்தது பெரும்பாலும் குறைவே என்பதை மறந்துவிட்டு அதைப் புகழ நான் வரவில்லை. ஆனால் விளைச்சல் கூடினால் பங்கும் கூடும், குறைந்தால் பங்கும் குறையும் என்பதைப் பெரியவர்களுக்கு விளக்க, பல பக்க விளக்கத்தைவிட இந்த ஒரு சொல் எனக்குப் பயன்பட்டது. 'சந்தா' என்று சொல்லிச் சேர்த்தவர்கள் பத்திரிகையைப் போல ஒவ்வொரு வாரமும் ஒரே அளவை எதிர்பார்த்தார்கள். 'பங்கு' என்று சொல்லிச் சேர்த்தவர்கள் இந்த வாரம் என்ன விளைந்தது என்று கேட்டார்கள்.

ஜப்பானியர்கள் 1978இல் வகுத்த பத்து நெறிகளில், உழவர் விளைவித்ததை எல்லாம் உறுப்பினர் ஏற்றுக்கொள்வது ஒன்று. தொடக்கத்தில் நான் அதை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டேன். எது வந்தாலும் அதுதான் உங்கள் பங்கு என்று எல்லோரிடமும் சொன்னேன். அதற்கு முன்னதாக வைக்கப்பட்டிருக்கும் நெறி, என்ன விளைவிப்பது என்பதை இரு தரப்பும் முன்கூட்டியே பேசி முடிவு செய்வது. பேசாமல் விளைவித்துவிட்டு ஏற்றுக்கொள் என்றால் யார் ஏற்பார்? இப்போது ஒவ்வோர் ஆனி மாதமும், ஆடிப்பட்டத்துக்கு விதை எடுப்பதற்கு முன், உறுப்பினர்களை உட்கார வைத்துப் பட்டியல் போடுகிறோம். சென்ற முறை ஐந்து வீடுகளைத் தவிர யாருக்கும் பாகற்காய் வாரந்தோறும் வேண்டியதில்லை என்று தெரிந்தது. அண்ணன் பந்தலில் பாகலைக் குறைத்துப் பீர்க்கையும் புடலையும் ஏற்றினார். அந்த ஒரு மாற்றத்தால் தவிர்ந்த மனச்சங்கடம் கொஞ்சமன்று.

முதலில் சரிசெய்தது நேரத்தை. வேலைக்குப் போகிறவர்கள் வீடு திரும்பியிருப்பார்கள் என்று நினைத்து வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்குக் கூடை கொடுத்துக்கொண்டிருந்தேன். நம் வீடுகளில் இரவில் கீரை சமைப்பதில்லை என்பது எனக்குத் தெரியாததன்று. என் அம்மாவும் இரவில் கீரையைத் தொடமாட்டார். ஆயினும் அதையும் கூடை நேரத்தையும் சேர்த்து நான் யோசிக்கவே இல்லை. வெள்ளி இரவு கீரை உள்ளே போகும். சனிக்கிழமை தாமதமாக எழுந்து, இருப்பதை வைத்துச் சமைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பல வீடுகளில் மீனோ ஆட்டுக்கறியோ இருக்கும். திங்கட்கிழமை அவசரத்தில் கீரை ஆய நேரம் ஏது? செவ்வாய்க்கிழமை எடுத்துப் பார்த்தால் இலை மஞ்சளாகியிருக்கும். இப்போது வெள்ளி மாலை வெயில் தாழ்ந்தபின் பறித்து, கீரைக்கு ஈரச்சாக்கு போர்த்தி, அதிகாலை மூன்றரைக்குக் குட்டியானையில் ஏற்றிவிடுகிறார்கள். ஆறு மணிக்கு நங்கநல்லூர், ஆறே முக்காலுக்கு மேற்கு மாம்பலம், ஏழரைக்கு அடையாறு. சனிக்கிழமை மதியச் சாப்பாட்டிலேயே கீரை முடிந்துவிடுகிறது. விளம்பரத்துக்கு ஒரு ரூபாய் செலவழிக்காமல், நேரத்தை மாற்றியதற்கே மூன்று பேர் திரும்பிச் சேர்ந்தார்கள்.

அடுத்தது அளவு. ஐந்து கிலோ கூடை, நான்கு பேர் மூன்று வேளையும் வீட்டில் சாப்பிடும் குடும்பத்துக்கே சரியாக இருக்கும்; மதியம் அலுவலகத்தில் சாப்பிடும் இருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு அது பாரம். இரண்டரை கிலோவில் அரைப்பங்கு ஒன்றைத் தொடங்கினோம். வருமானம் குறையும் என்று அண்ணன் தயங்கினார். நியாயமான தயக்கம்தான், ஏனெனில் சிறிய கூடைக்கும் கட்டும் வேலையும் ஏற்றிறக்கும் வேலையும் அதேதான். அதனால் அரைப்பங்கின் விலையை முழுப்பங்கின் சரிபாதியாக வைக்காமல் சற்றுக் கூட்டி, அதன் காரணத்தையும் சொல்லிவிட்டோம். முழுப்பங்கு வாரத்துக்கு 450 ரூபாய், அரைப்பங்கு 260. இன்று எங்களிடம் உள்ள 54 வீடுகளில் பெரும்பாலானவை அரைப்பங்குதான்.

எல்லாவற்றையும்விட அதிகம் பயன்பட்டது, கூடையை ஒரு வாரத்தின் சமையலாகப் பார்த்துக் கட்டுவது. விளைந்ததை எல்லாம் பகிர்ந்து போடுவது முதலாண்டு முறை. இப்போது அண்ணி மூன்று குவியலாகப் பிரிக்கிறார். இரண்டு நாளுக்குள் சமைக்க வேண்டியவை ஒரு குவியல்: கீரை, முருங்கைக்கீரை, வாழைப்பூ, பிஞ்சு வெள்ளரி. செவ்வாய், புதன் வரை தாங்குபவை அடுத்தது: வெண்டை, கத்தரி, அவரை, கொத்தவரை, புடலை. வாரக் கடைசிவரை, ஏன், அதற்குப் பிறகும் கவலையின்றி இருப்பவை மூன்றாவது: பரங்கி, சாம்பல்பூசணி, சேனை, சேப்பங்கிழங்கு, வாழைக்காய். முதல் குவியலிலிருந்து இரண்டுக்கு மேல் ஒரு கூடையில் போகக்கூடாது என்பது அண்ணியின் சட்டம். தோட்டத்தில் கீரை மிகுந்து நிற்கும் வாரத்தில்கூட அவர் அதை மீறுவதில்லை. மிகுந்ததை மாட்டுக்குப் போட்டாலும் போடுவார், மூன்றாவது கட்டை ஒருவர் தலையில் கட்டமாட்டார். இதைச் சொல்லும்போது சிலர் வீண் என்கிறார்கள். நகரத்து ஃபிரிட்ஜில் அழுகி, அதற்குமேல் ஓர் உறுப்பினரையும் இழப்பதைவிட மாட்டுக்குப் போவது எவ்வளவோ மேல்.

கூடையுடன் ஒரு துண்டுச்சீட்டும் போகிறது. அதில் சமையல் குறிப்பு எழுதிப் பார்த்தோம், யாரும் படிக்கவில்லை. சென்னையில் கொத்தவரங்காய்ப் பருப்புசிலி செய்யத் தெரியாத வீட்டுக்கு அதைச் சொல்லித்தர ஓர் அத்தையோ பெரியம்மாவோ தொலைபேசியில் இருக்கிறார். அவர்களுக்கு வேண்டியிருந்தது வரிசையும் பாதுகாப்பும். கீரையைக் கழுவாமல் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். முள்ளங்கியின் இலையை வந்தவுடன் வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் இலை கிழங்கின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெட்டிய இலையை இன்றே பொரியல் செய்யலாம். வெண்டையையும் கத்தரியையும் ஃபிரிட்ஜின் மிகக் குளிர்ந்த தட்டில் வைக்காதீர்கள், தோல் கறுத்துவிடும். காம்போடு இருக்கும் பரங்கி வெளியிலேயே பல வாரம் இருக்கும். இப்படி ஐந்தாறு வரிகள் போதும். மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டில் இந்தச் சீட்டுகளைக் காந்தத்தில் செருகி ஃபிரிட்ஜின் கதவில் வரிசையாக ஒட்டி வைத்திருப்பதைப் பார்த்தேன். அன்று முழுவதும் மனம் நிறைந்திருந்தது.

வியாழக்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு அனுப்புவதும் இதைச் சேர்ந்ததுதான். சனிக்கிழமை என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டால், வெள்ளிக்கிழமை தெருவில் வரும் காய்கறி வண்டியில் அதையே மறுபடி வாங்கமாட்டார்கள். பத்து நிமிடத்தில் காயைக் கொண்டுவந்து தரும் செயலிகள் இருக்கும் ஊரில், உறுப்பினர் நமக்காகக் காத்திருக்க வேண்டுமானால் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதாவது அவருக்குத் தெரிய வேண்டும்.

கொசுறைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடங்கிய இரண்டாம் மாதமே, அடையாறில் ஒரு பெரியம்மா கூடையைத் துழாவிவிட்டு, "ஏம்மா, வண்டிக்காரர்கூட ஒரு கொத்துக் கறிவேப்பிலை போடுவாரே?" என்று கேட்டார். கூடையில் இருந்தவை அன்றைய கடைவிலையில் பார்த்தாலும் அவர் கொடுத்த பணத்துக்கு நிறைவாகவே இருந்தன. ஆனாலும் அவர் கேட்டது சரி. சென்னையில் காய் வாங்குவது என்பது காயின் எடையோடு முடிவதில்லை. கடைசியில் கையில் அள்ளிப் போடும் கறிவேப்பிலையும் இரண்டு பச்சை மிளகாயும், நீங்கள் எனக்கு வேண்டியவர் என்று சொல்லும் வழி. வரப்போரம் எட்டுக் கறிவேப்பிலைச் செடிகள் நட்டோம். இப்போது எந்தக் கூடையும் அது இல்லாமல் போவதில்லை; எலுமிச்சை காய்க்கும் மாதங்களில் ஒரு எலுமிச்சையும் சேரும். சீட்டில் அதை எழுதுவதில்லை, எடையிலும் சேர்ப்பதில்லை.

தக்காளி விஷயத்தில் நாங்கள் பட்ட பாடு பெரிது. சமவெளியில் சித்திரை வைகாசி வெயிலில், இரவிலும் சூடு தணியாத நாட்களில், தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிடும். மார்கழியிலிருந்து பங்குனிவரைதான் எங்களால் நன்றாகக் கொடுக்க முடியும். 2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றபோது, உறுப்பினர்கள் இயல்பாகவே எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்; எங்களிடம் ஒரு பழம்கூட இல்லை. 'பண்ணையில் பங்கு வைத்திருந்தும் தக்காளிக்குக் கடைக்குப் போக வேண்டியிருக்கிறதே' என்று ஒருவர் எழுதினார். பதில் எழுத எனக்கு ஒரு நாள் ஆயிற்று. சேரும்போதே எந்த மாதம் எது வரும், எது வராது என்று நாங்கள் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டு, அந்த வாரக் கூடையில் புளிப்புக்கு மாங்காயும் புளிச்சக்கீரையும் வைத்தோம். அந்த ஆண்டுமுதல் சேர வருபவரிடம் பணம் வாங்குவதற்கு முன், தமிழ் மாதங்களின்படி எழுதிய ஒரு பக்க அட்டவணையைக் கொடுக்கிறேன். ஐப்பசி கார்த்திகை மழையில் கீரை அழுகும், கூடை இளைக்கும் என்று அதில் வெளிப்படையாக இருக்கிறது. உருளைக்கிழங்கும் காரட்டும் எங்களிடம் எப்போதுமே கிடையாது என்றும் இருக்கிறது. அதைப் படித்துவிட்டுச் சேராமல் போனவர்கள் உண்டு. சேர்ந்தவர்கள் எளிதில் விலகுவதில்லை.

இந்த அட்டவணையை எழுதும்போதுதான், நம் பண்டிகை நாள்காட்டியும் நிலத்தின் நாள்காட்டியும் எவ்வளவு நெருக்கமாக ஓடுகின்றன என்பது புரிந்தது. ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளில், விரதம் இருக்கும் வீடுகளுக்கு இங்கிலீஷ் காய் ஆகாது. அவர்கள் தேடும் வாழைக்காய், புடலை, அவரை, பூசணி, சேப்பங்கிழங்கு எல்லாம் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள். புரட்டாசியில் அசைவம் நிறுத்தும் வீடுகளில் காய்ச் செலவு கூடுகிறது. அந்த மாதம் மட்டும் அரைப்பங்கை முழுப்பங்காக மாற்றிக்கொள்ள வழி வைத்தோம். மார்கழித் திருவாதிரைக்குக் களியோடு செய்யும் ஏழுகறிக் கூட்டுக்குரிய காய்களை ஒரே கட்டாகக் கொடுத்த வாரம், வந்த புகைப்படங்களுக்கு அளவில்லை. பொங்கல் கூடையைத்தான் நாங்கள் ஆண்டு முழுவதும் எண்ணிக்கொண்டிருப்போம்: மஞ்சள் கொத்து, பரங்கிக்கீற்று, பச்சை மொச்சை, சர்க்கரைவள்ளி, அவரை, வாழையிலை, எங்கள் நெல்லில் ஒரு படி பச்சரிசி. புது உறுப்பினர்களில் பாதிப்பேர், உறவினர் வீட்டில் பொங்கல் கூடையைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் தோட்டத்துக்கு அழைக்கிறோம். முதல் தடவை நான் அதை ஒரு விருந்து போலத் திட்டமிட்டு, பந்தல் போட்டு, சமையல்காரர் வைத்து, கைக்காசு கரைந்து களைத்துப்போனேன். அடுத்த தடவை கம்பங்கூழும் வெங்காயமும் மோரும் மட்டும். அந்த நாளில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கத்தரிப் பாத்தியில் களை எடுத்துக் குவித்து வைத்திருந்தோம். மாம்பலத்திலிருந்து மகனுடன் வந்திருந்த எழுபது வயதுப் பாட்டி ஒருவர், குவியலின் முன் சட்டென்று உட்கார்ந்து, ஒவ்வொரு செடியாகப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார். "இது பண்ணைக்கீரை. இது சாரணை. இது தொய்யக்கீரை. இதையா தூக்கிப் போடறீங்க? என் மாமியார் இதையெல்லாம் கலந்து கடையாத நாள் கிடையாது" என்று சொல்லிக்கொண்டே மடியில் சேர்த்தார். எங்கள் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்கள் சிரித்துக்கொண்டே, தாங்களும் தினம் அதைத்தான் வீட்டுக்கு எடுத்துப்போகிறோம் என்றார்கள். எனக்கும் அண்ணனுக்கும்தான் அது தெரியவில்லை. அடுத்த வாரமே கலவைக்கீரை ஒரு கட்டு, கூடையில் விருப்பமாகச் சேர்ந்தது. விதைக்காமலும் நீர் தனியாகப் பாய்ச்சாமலும் விளையும் அந்தக் கட்டுக்குத்தான் இன்று முன்பதிவு முதலில் முடிகிறது. அதைப் பறித்துத் தரும் பெண்களுக்கே அந்தப் பணம் முழுவதும் போகிறது.

இயற்கை விளைச்சல்தான் என்பதற்குச் சான்றிதழ் உண்டா என்று தொடக்கத்தில் எல்லோரும் கேட்டார்கள். சிறு உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்து உறுதி செய்யும் பங்கேற்பு உத்தரவாத முறையில் நாங்களும் இருக்கிறோம். ஆனால் தோட்டத்துக்கு ஒரு தடவை வந்து, கத்தரியில் புழு இருப்பதையும் அதற்கு அண்ணன் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிப்பதையும் பார்த்தவர் அந்தத் தாளை மறுபடி கேட்டதில்லை. சொத்தைக் கத்தரி ஒன்று வந்தால் அவர் அந்த இடத்தை அரிந்துவிட்டுச் சமைக்கிறார். வராதவர் படம் எடுத்து அனுப்புகிறார்.

முன்பணம் பற்றிய தயக்கம் எங்கள் பக்கமும் இருந்தது. ஆண்டுக்குரிய பணத்தை ஒரே தடவையில் கேட்டால் மாதச் சம்பளக் குடும்பங்கள் அஞ்சுகின்றன. மாதாமாதம் வாங்கினால் விதைக்கும் ஆள்கூலிக்கும் வேண்டிய நேரத்தில் கையில் இருப்பதில்லை. பன்னிரண்டு வாரம் ஒரு பருவம் என்று வகுத்தோம். வடகிழக்குப் பருவமழைக் காலத்துப் பன்னிரண்டு வாரங்களில், இரண்டு வாரம்வரை கூடை வராமல் போகலாம், அதற்குப் பணம் திரும்பாது என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். 2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தபோது, எங்கள் வாழையில் முக்கால்வாசி சாய்ந்துவிட்டது. விடிந்ததும் அண்ணன் அனுப்பிய படத்தை, ஒரு சொல்லும் கூட்டாமல், அப்படியே குழுவில் போட்டேன். அந்த வாரம் காய் இல்லை. அடுத்த வாரம் சாய்ந்த மரங்களின் தண்டும் பூவும் முற்றாத காயும்தான் கூடை. தண்டை நாரெடுத்து நறுக்கும் வேலையை யோசித்து நான் பயந்தேன். ஆனால் அந்த வாரம்போல் கனிவான செய்திகள் அதற்குமுன் வந்ததில்லை. இரண்டு பேர் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். எழுத்தில் இல்லாவிட்டாலும் கொடுத்துவிட்டோம். மனமில்லாதவருடைய பணத்தை வைத்துக்கொண்டு பயிர் செய்ய அண்ணன் விரும்பவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னைத் தெருக்களுக்குள் வண்டி நுழைய முடியாமல் போனபோது ஒருவரும் கேட்கவில்லை.

2020ஐப் பற்றி விரிவாக எழுத மனமில்லை. மே மாதம் கோயம்பேடு சந்தை மூடப்பட்டதும் எங்கள் வீடுகள் எழுபதாயின. சந்தை திறந்த சில மாதங்களில் இருபத்திரண்டாயின. அச்சத்தால் வந்தவர்களை அச்சம் நீங்கியபின் நிறுத்திவைக்க நம்மால் ஆகாது என்பதை அப்போது தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

கூடை கொடுக்கும் இடத்தில் இப்போது ஒரு மாற்றுக்கூடையும் வைக்கிறோம். சேனை அரித்துவிடும் என்று அஞ்சுபவர் அதை அதில் போட்டுவிட்டு, வேறொருவர் விட்டுப்போன கொத்தவரையை எடுத்துக்கொள்ளலாம். நங்கநல்லூரில் அந்தக் கூடை இருப்பது ஓர் உறுப்பினர் வீட்டின் முன்வாசலில். சென்ற ஆண்டு அங்கே எதிர்பாராத ஒன்று தொடங்கியது. ஆய்ந்த கீரை கிடைக்குமா என்று பலர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தோட்டத்திலேயே ஆய்ந்து அனுப்பிப் பார்த்ததில், வேரோடு வரும் கீரையைவிட அது விரைவாக வதங்கியது. பணி ஓய்வுபெற்ற மூன்று பெண்கள் தாங்களே முன்வந்து, சனிக்கிழமை காலை அந்த வாசலில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, வேண்டியவர்களுக்குக் கீரை ஆய்ந்து தருகிறார்கள். அவர்கள் பங்கின் விலையில் அதற்கு ஈடாகக் குறைத்துக்கொள்கிறோம். முன்பெல்லாம் கூடையை எடுத்துக்கொண்டு இரண்டு நிமிடத்தில் போய்விடுகிறவர்கள், இப்போது காப்பித் தம்ளருடன் அரைமணி நேரம் நிற்கிறார்கள். கீரைத்தண்டை ஒடித்து, நாரை உரித்து, பூச்சி இலையைத் தள்ளிவிட்டு, இளந்தண்டை இலையோடு சேர்க்கும் அந்தக் கைகளைப் பார்த்தே இரண்டு கல்லூரிப் பெண்கள் கீரை ஆயக் கற்றுக்கொண்டார்கள்.

ஃபிரிட்ஜைத் திறந்து காட்டிய அந்த உறுப்பினர் சென்ற தையில் அரைப்பங்குடன் திரும்பி வந்தார். அவருடைய தட்டை மறுபடி பார்க்க நான் கேட்கவில்லை. அவராகவே போன மாதம் படம் எடுத்து அனுப்பினார். வெள்ளிக்கிழமை இரவு, அதில் அரைப் பரங்கிக்கீற்றைத் தவிர ஒன்றுமில்லை. அதே வாரம் கீரை ஆயும் மூன்று பேரில் மூத்தவர், தன் ஊரான செய்யாற்றிலிருந்து கொண்டுவந்த கொடியவரை விதையைக் கைக்குட்டையில் முடிந்து என்னிடம் கொடுத்தார். இருபது விதைக்கு மேல் இராது. அண்ணி அதைச் சாம்பலில் புரட்டி விதைப்பானையில் வைத்திருக்கிறார். ஆடி பிறந்ததும் கிழக்கு வேலியோரம் இரண்டு குழியில் ஊன்றுவதாகவும், முதல் காய்ப்பை விதைக்கே விட்டுவிடுவதாகவும் அண்ணன் சொல்லியிருக்கிறார்.